வெள்ளச்சியிடம் போன வைக்கோல்

தை அறுப்பு முடிந்து, வைக்கோலெல்லாம் காய்ந்து படப்பு படப்பாக ஏறி நின்ற ஒரு காலையில், மேற்கு மலையடிவாரத்து ஊமத்தம்பட்டியில், முத்திருளாண்டியின் படப்பு உச்சியிலிருந்து ஒரு கற்றை வைக்கோல் தானாக இறங்கி நடக்க ஆரம்பித்தது. காற்று இல்லை. வேம்பில் இலை ஆடவில்லை, கொடியில் கிடந்த சேலை அசையவில்லை, தெருப்புழுதி எழும்பவில்லை. கற்றை தரையைத் தொட்டதும் தாள் தாளாகப் பிரிந்து, வரிசை பிடித்து, கணுக்கால் உயரத்தில் மிதந்தபடி, மழைக்கு முந்தி முட்டை தூக்கிப் போகும் எறும்புகளைப் போல அவசரமும் ஒழுங்குமாகத் தெருவில் இறங்கி, டீக்கடையைத் தாண்டி, மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டி, குழாயடிச் சேறு வந்ததும் நனையாமல் ஒதுங்கி, பள்ளிக்கூட வேன் வந்ததும் ஓரத்தில் நின்று வழிவிட்டு, மறுபடி கிளம்பி, ஊரின் தென்கோடியில் இருந்த சந்தியாகுவின் பன்றிக் கொட்டகைக்குள் கம்பிவலைச் சந்து வழியாக நுழைந்தது.

பார்த்தவர்கள் யாரும் கத்தவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். "யார் வீட்டு வைக்கலுப்பா இது?" என்று ஒருவர் கேட்க, "நெறத்தப் பாத்தா முத்திருளாண்டி வீட்டு வைக்கலாட்டம் இருக்கு" என்று இன்னொருவர் சொல்ல, கட்டுத்தறி நிறையப் பசுவும் எருமையும் வைத்து ஊருக்கே பால் ஊற்றுகிற முத்திருளாண்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏய், நில்லு! நில்லுங்கிறேன்ல!" என்று கயிறறுத்த கன்றை அதட்டுவதைப் போல அதட்டிக்கொண்டே வைக்கோலுக்குப் பின்னால் போனார். வைக்கோல் நிற்கவில்லை.

சந்தியாகு வெல்டர். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தான். சர்ச் வாசல் கேட்டும் அவன் செய்ததுதான், பிள்ளையார் கோயில் உண்டியல் கம்பியும் அவன் செய்ததுதான். பன்றி வளர்ப்பு அவனும் அவன் பெண்சாதி சலேத்மேரியும் சேர்ந்து ஆரம்பித்தது. இரும்பு வேலை அவனுக்கு, தீனியும் ஈற்றும் அவளுக்கு. வெள்ளைப் பன்றிகள். அவன் அவற்றின் காதில் அட்டை குத்தி எண் போட்டான், அவள் பேர் வைத்தாள்.

முதல் ஈற்றில் ஒரு தாய், தான் போட்ட குட்டிகளின் மேலேயே படுத்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது, துவைத்துப்போட்ட துணி காய்ந்து கிடப்பதைப் போலக் குட்டிகள் தட்டையாகக் கிடந்தன. சந்தியாகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. பட்டறையை மூடிவிட்டுக் குழாய் வாங்கி வந்து, அளவெடுத்து, அறுத்து, பற்றவைத்து, ஈற்றுக்கு நிற்கும் தாய்க்கென்று கூண்டு செய்தான். பன்றியின் நீளம்தான் கூண்டின் நீளம், பன்றியின் அகலம்தான் கூண்டின் அகலம். உள்ளே போன தாய் எழலாம், மெதுவாகப் படுக்கலாம், முன்னால் இருக்கும் தொட்டியில் தின்னலாம். திரும்ப மட்டும் முடியாது. குட்டிகள் கம்பிக்கு வெளியே இருந்து முலைக்கு மட்டும் வந்து போகும். அதன்பிறகு குட்டி நசுங்கவில்லை. அதனால் அது அவனுக்குக் கூண்டாகத் தெரியவில்லை, காவலாகத் தெரிந்தது. கொட்டகைக்கு வருகிறவர்களிடம் அந்தக் குழாயைத் தட்டிக் காட்டி, "பத்தவச்ச எடம் கைக்குத் தட்டுப்படுதா பாருங்க" என்று சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அப்படி ஒரு கூண்டில்தான் வெள்ளச்சி நின்றாள். இருக்கிற தாய்களில் பெரியவள் அவள். ஈற்று நெருங்கிவிட்டதென்று முந்தின நாளே சலேத்மேரி சொல்லியிருந்தாள். நெருங்கினால் எல்லாத் தாயும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள்: முன்னங்காலால் சிமெண்டுத் தரையைத் தோண்டினாள், இல்லாத புல்லை வாயால் அள்ளினாள், அள்ளியதை இல்லாத ஒரு இடத்தில் வைத்தாள், மறுபடி தோண்டினாள். ஒவ்வொரு ஈற்றிலும் பார்த்ததுதான். "ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லி சலேத்மேரி வெந்நீர் போடப் போவாள். தரையில் எதைத் தேடுகிறாள் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று அவள் அள்ளியபோது வாயில் வைக்கோல் இருந்தது.

முத்திருளாண்டி வந்து நின்றபோது கொட்டகைத் தரை முழுக்க அவர் வைக்கோல் பரவிக்கிடந்தது. வெள்ளச்சி மூக்குக்கு எட்டியதை வாய் நிறையக் கவ்விக்கொண்டு பின்னால் கொண்டுபோகத் திரும்பினாள். இடுப்பு குழாயில் இடித்து டொங்கென்று சத்தம் வந்தது. வாயிலிருந்ததைக் கீழே போட்டாள். மறுபடி கவ்வினாள். மறுபடி டொங்கென்றது.

"ஏம்ப்பா சந்தியாகு, என் வீட்டு வைக்கல ஒன் பன்னிக்கு யாருப்பா வரச் சொன்னது?"

"நான் சொல்லலண்ணே."

"பெறகு?"

சந்தியாகு பெண்சாதியைப் பார்த்தான். சலேத்மேரி வைக்கோலில் ஒரு தாளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, "அவ கேட்டிருக்காண்ணே" என்றாள்.

அன்று மாலைக்குள் வெள்ளச்சி ஈன்றிருக்க வேண்டும். ஈனவில்லை. மறுநாளும் ஈனவில்லை. கால்நடை டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்து, குட்டியெல்லாம் உயிரோடுதான் இருக்கிறதென்று சொல்லி, ஊசி போட்டார். மறுநாள் வந்து இன்னொரு ஊசி போட்டார். வெள்ளச்சி ஊசியைத் திரும்பிப் பார்க்கவும் முடியாமல், வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைத் தாழ்போட்டுக்கொண்ட வீட்டைப் போல நின்றாள். வைக்கோல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முத்திருளாண்டியின் படப்பு குறைய, அடுத்த வீட்டுப் படப்பு கிளம்பியது. அது தீர, அதற்கடுத்த தெரு கிளம்பியது. கொட்டகைக்குள் வைக்கோல் முழங்காலுக்கு ஏறி, கூண்டின் மேல்கம்பிக்கு ஏறி, தகரக்கூரையைத் தொட்டது. அவ்வளவும் குவிந்து கிடந்தும் கூடு ஆகவில்லை, ஏனென்றால் கூடு கட்ட வேண்டியவள் திரும்ப முடியாமல் நடுவில் நின்றாள்.

ஊர் எதற்கும் பழகும். காலையில் பால் ஊற்றப் போகிறவர்கள் வைக்கோல் போகிற பக்கம் விட்டு மறுபக்கம் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். டவுன் பஸ் டிரைவர் மாதா கெபி முக்கில் என்ஜினை அமர்த்திவிட்டுக் காத்திருக்க, கண்டக்டர் கீழே இறங்கி, கடைசித் தாள் சாலையைக் கடந்ததும், "எல்லாம் போயிருச்சு, ரைட்!" என்று விசிலடித்தார். வாசல் தெளிக்கிற பெண்கள் வைக்கோல் நனையக் கூடாதென்று அது போன பின்னால் தெளித்தார்கள். கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் அதைக் காட்டி ஊட்டினார்கள். வைக்கோல் தீர்ந்த வீடுகளிலிருந்து கூரைக் கீற்று கிளம்பியபோதும், கீற்றுக்குப் பின்னால் ஈர்க்குமாறும் கோரைப்பாயும் கிளம்பியபோதும், கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று சர்ச் பரணில் வைத்திருந்த வைக்கோல், தன்மேல் கிடந்த பாலன் சொரூபத்தை மெல்லக் கீழே படுக்கவைத்துவிட்டுக் கிளம்பியபோதும், பிள்ளையார் கழுத்து அருகம்புல் மாலை பூசை முடியும்வரை காத்திருந்து, தீபாராதனை காட்டிய பிறகு இறங்கிக் கிளம்பியபோதும், ஊர் வாசலில் நின்று பார்த்து, வழிவிட்டு, உள்ளே போய் வேலையைப் பார்த்தது. பிள்ளை பெற்ற பெண்கள் மட்டும் வேறு மாதிரிப் பார்த்தார்கள். பேறுகாலத்துக்கு முந்தின நாள், காரணம் தெரியாமல், அடுக்களைப் பாத்திரத்தையெல்லாம் இறக்கி விளக்கி விளக்கிக் கவிழ்த்தது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. "எடம் சரியில்லைன்னா புள்ள எறங்காது" என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தூக்கிய குடத்தைக் கீழே வைத்தார்கள்.

ஆனால் மாட்டுக்கு இது புரியாது. படப்பெல்லாம் தீர்ந்து மூங்கில் கம்பு மட்டும் நட்டுக்கொண்டு நின்ற களத்தில் முத்திருளாண்டியின் பசுக்கள் கழுத்தை நீட்டிக் கத்தின. தீர்வதற்கு முன்னால் அவர் மிச்சமிருந்ததைக் கயிற்றால் கட்டிப் பார்த்தார், வலை போட்டுப் பார்த்தார், அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தார். வைக்கோல் வலைக்கண் வழியாக ஒவ்வொரு தாளாக நழுவி, அம்மியை அலுங்காமல் தரையில் இறக்கிவைத்துவிட்டுப் போனது. பசுவின் வாயிலிருந்து மட்டும் அது பிடுங்கவில்லை. ஆனால் வாய்க்குப் போட அவரிடம் ஒன்றுமில்லை. சினையாக இருந்த சிவப்பிக்கு விலா எலும்பு தெரிந்த அன்றைக்கு அவர் ஊரைக் கூட்டினார்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊர் கூடியது. முத்திருளாண்டி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் சந்தியாகுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பன்னி மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லப்பா," என்றார். "அதுவும் ஒரு உசுரு. ஆனா என் கொட்டத்துல இருக்கிறதும் உசுருதான. நீ அத வித்துரு. ஊர விட்டுப் போயிட்டா வைக்கல் நின்னுரும்."

"வயித்துல குட்டியோட எப்பிடிண்ணே விக்கிறது?"

"பெத்துச்சுன்னா நான் ஏன் விக்கச் சொல்லப்போறேன்? பெற மாட்டேங்குதே."

சந்தியாகு கூட்டத்தை விட்டு எழுந்தான். மலைக்கு அந்தப்பக்கத்து யாவாரிக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை மத்தியானம் லாரி வருவதாக முடிவானது.

வியாழக்கிழமை காலையில் சலேத்மேரி தீனிச் சட்டியோடு கூண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளச்சி தின்னவில்லை. கம்பியில் தேய்ந்து தேய்ந்து அவள் தோள் இரண்டும் காய்ப்புக் காய்த்துப் போயிருந்ததைச் சலேத்மேரி தடவிக்கொண்டிருந்தாள்.

"தெறந்து விட்டுப் பாப்போமாங்க?"

"எதுக்கு?"

"கட்டட்டும். கட்டுறதுக்குத்தான கேக்குறா."

"தெறந்து விட்டா என்னாகும்னு நீ பாத்தவதான?" என்றான் சந்தியாகு. "பெறக்கிக் குழியில போட்டது நாந்தான், நீயில்ல. இன்னொருக்கா என்னால முடியாது."

"அன்னிக்கு அதுக்கு என்ன குடுத்தோம்? வழுக்குற சிமெண்டுத் தரை, நாலு செவுரு. ஒரு கை வைக்கல் போட்டோமா?"

"போட்டிருந்தா மட்டும் படுத்திருக்காதா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் சலேத்மேரி. "தெரிஞ்சா சொல்ல மாட்டனா? ஆனா இது எத்தனாவது ஈத்து, ஒவ்வொரு ஈத்துக்கும் இதத்தான் தோண்டிக்கிட்டு இருந்தா. நாம பாத்துக்கிட்டேதான் இருந்தோம். இவ்வளவு வைக்கல் நடந்து வந்து சொல்ல வேண்டியிருக்கு நமக்கு."

அவன் வெளியே போய் லாரிக்கு வழி செய்வதற்காக வைக்கோலை ஒதுக்க ஆரம்பித்தான். ஒதுக்க ஒதுக்க அது திரும்பி வந்தது. இருந்தாலும் ஒதுக்கினான்.

லாரி வந்தபோது உச்சி வெயில். தெருவில் வைக்கோல் போய்க்கொண்டிருந்ததால் டிரைவர் ஊர் எல்லையிலிருந்து மெதுவாகவே ஓட்டி வந்து, கொட்டகை வாசலில் பின்பக்கமாக நிறுத்தி, பலகையைச் சாய்த்துப் போட்டார். முத்திருளாண்டியும் வந்திருந்தார், விற்கச் சொன்னவன் வராமல் இருந்தால் மரியாதை இல்லை என்று வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஊரும் வந்திருந்தது. வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் கூண்டின் பின்கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். சந்தியாகு கொண்டியைத் தூக்கினான், கதவை மேலே உருவினான். வெள்ளச்சி ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். முதுகு வெளியே வந்தது, தோள் வெளியே வந்தது, கடைசியாகத் தலையும் கம்பியை விட்டு வெளியே வந்தது. கூண்டுக்கும் லாரிப் பலகைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது.

அந்த இடத்தில் நின்று வெள்ளச்சி திரும்பினாள்.

அவசரமாகத் திரும்பவில்லை. தலையைத் திருப்பி, இடிக்குமென்று நின்று, இடிக்காததால் கழுத்தைத் திருப்பி, மறுபடி நின்று, கழுத்துக்குப் பின்னால் தோளும் தோளுக்குப் பின்னால் விலாவும் விலாவுக்குப் பின்னால் குட்டிகள் கனத்துத் தொங்கிய வயிறும் வர, தேர் முக்குத் திரும்புவதைப் போல, தன் உடம்பின் நீளத்தை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, முழுச் சுற்றுச் சுற்றி, தான் நின்ற இடத்தையே வந்து பார்த்தாள். தன் வாலைப் பார்த்தாள். கொட்டகையின் பின்சுவரைப் பார்த்தாள். அது வரையில் பின்னாலிருந்து சத்தமாக மட்டும் கேட்ட காலடி சலேத்மேரியாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

அவள் திரும்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஊரில் வைக்கோல் எங்கெங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கங்கே நின்றது. மாதா கெபி முக்கில் நின்றது, குழாயடியில் நின்றது, கம்பிவலைச் சந்தில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றது. லாரி டிரைவர், தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்தவராக, காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார்.

பிறகு வெள்ளச்சி பலகையின் பக்கம் போகாமல் வைக்கோலுக்குள் போனாள்.

கூரை வரைக்கும் குவிந்துகிடந்த வைக்கோல் அவள் மூக்கு பட்டதும் இளகியது. மூக்கால் பள்ளம் பறித்தாள், முன்னங்காலால் கிளறினாள், வாய் நிறைய அள்ளிக்கொண்டு நடந்து, வைத்து, திரும்பி வந்து, மறுபடி அள்ளினாள். கொட்டகைக்குள் இடம் போதவில்லை. வெளியே வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்ற புங்கமரத்தடியில் மண்ணைப் பறித்தாள். அதுவரை அவள் மண்ணை மிதித்ததே இல்லை என்றாலும் மண் அவளுக்குப் புதிதாக இல்லை. அவள் ஒரு வாய் கொண்டுவந்து வைத்தால் நூறு வாய் அளவுக்கு அவளைச் சுற்றி வந்து விழுந்தது. தெருக்களில் நின்ற வைக்கோலெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி, இந்த முறை கணுக்கால் உயரத்தில் இல்லாமல் ஆள் தலைக்கு மேலே, மைனாக்கூட்டம் அடையப் போவதைப் போல ஒன்றாக வளைந்து வளைந்து வந்தது. கீற்று அடியில் போனது, வைக்கோல் மேலே போனது, ஈர்க்கு சுற்றி வேலியானது, கோரை மெத்தையானது, பிள்ளையாரின் அருகம்புல் வாசலில் போய்ப் படுத்தது. பொழுது சாய்வதற்குள் புங்கமரத்தடியில் ஒரு கூடு எழுந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் குன்று, நடுவில் வெதுவெதுப்பான பள்ளம். கூடு முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் கடைசியாக வந்த ஒரு தாள், வைக்கப்படுவதற்கு இடமில்லாமல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு, சலேத்மேரியின் கொண்டையில் போய்ச் செருகிக்கொண்டது.

வெள்ளச்சி உள்ளே போய்ப் படுத்தாள். படுத்த கையோடு முதல் குட்டி வந்தது.

இத்தனை நாள் தாழ்போட்டிருந்த வீடு திறந்துகொண்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் வந்தன, ஈரமாக, ரோஸ் நிறமாக, வந்த உடனே கால் ஊன்றித் தொப்புள்கொடியை இழுத்துக்கொண்டு தாயின் முகத்துப் பக்கம் போய் மூக்கோடு மூக்கு முட்டிவிட்டு முலைக்கு வந்தன. ஒன்று மட்டும் உயிரில்லாமல் வந்தது. அதை வெள்ளச்சி மூக்கால் பல தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வைக்கோல் இழுத்து மூடினாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சந்தியாகு இதையெல்லாம் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: அவள் எழுந்து மறுபடி படுக்கப்போகும் நேரத்தை. அந்த நேரம் வந்தது. வெள்ளச்சி எழுந்தாள். காலடியில் குட்டிகள் சிதறி ஓடின. சந்தியாகு கூட்டுக்குள் பாயப் போனான். முத்திருளாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுப்பா."

"விடுங்கண்ணே, நசுக்கிரும்ணே!"

"மாட்ட அம்பது வருசமா பாக்குறேன். தாய் மூஞ்சி எனக்குத் தெரியும். பொறு."

வெள்ளச்சி கூட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். மூக்கால் வைக்கோலைத் துழாவி, அடியில் மாட்டிக்கொண்டிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு பாட ஆரம்பித்தாள். உறுமல்தான் அது, ஆனால் ஒரு தாளத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல வேகம் பிடித்து, தொட்டில் ஆட்டுகிறவள் வாய்க்குள்ளேயே முனகுவதைப் போல இருந்தது. அதைக் கேட்டுக் குட்டிகள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து ஒதுங்கி நின்றன. முன்னங்காலை மடித்து முழங்காலிட்டாள். சர்ச்சில் முழங்காலிடுகிறவர்களைப் போலத் தலையைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இடுப்பை இறக்கி, பக்கவாட்டில், வைக்கோலில் தன் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் படுத்தாள். ஒரு குட்டி கால் மாட்டிக் கீச்சிட்டது. உடனே அவள் எழும்பி, அது விலகியதும் மறுபடி படுத்தாள். பால் இறங்கியது. கூட்டுக்குள் சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

சந்தியாகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கூண்டுக்குள் இருந்த இத்தனை ஈற்றிலும் அவள் இப்படிப் பாடியிருப்பாள், முழங்காலிட்டிருப்பாள், ஆனால் ஒதுக்கிவிடக் குட்டி அருகில் இல்லாமல், சுற்றிவர இடமில்லாமல், பாதியிலேயே விட்டிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. தான் காப்பாற்றினோம் என்று நினைத்த குட்டிகளையும், தான் குழியில் போட்ட குட்டிகளையும் சேர்த்து நினைத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சலேத்மேரி அவன் தலையில் கைவைத்தாள். லாரி டிரைவர் சத்தம் போடாமல் பலகையைத் தூக்கி வைத்து, வண்டியைத் தள்ளச் சொல்லித் தெருமுக்கு வரை தள்ளவிட்டு, அங்கே போய் ஸ்டார்ட் செய்து, மலைப்பாதையில் காலி வண்டியோடு திரும்பிப் போனார்.

மறுநாள் சந்தியாகு கூண்டுகளையெல்லாம் கியாஸ் கட்டரால் அறுத்தான். பற்றவைத்த இடம் கைக்குத் தட்டுப்படாததால் எங்கே அறுப்பது என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. அறுத்த குழாய்களைக் கொண்டு கொட்டகைக்குப் பின்னால் வேலி போட்டு, புங்கமரத்தையும் சேர்த்து வளைத்து, தாய்கள் நடக்கவும் புரளவும் மண் விட்டான். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஒரு தாய் சுவரோரம் படுத்து ஒரு குட்டியை நசுக்கிவிட்டது. சந்தியாகு மறுபடி சாப்பிடாமல் கிடந்தான். ஆனால் இந்த முறை கூண்டு செய்யவில்லை. சுவரை ஒட்டித் தரைக்கு ஒரு சாண் மேலே குழாய் பதித்து, குட்டி ஒதுங்கச் சந்து விட்டான்.

முத்திருளாண்டியின் மாடுகளுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளச்சி குட்டிகளோடு கூட்டை விட்டு இறங்கிய அன்று, கூட்டில் அவளுக்குத் தேவைப்பட்டது போக மிச்சமெல்லாம் எழுந்து, வந்த வழியே, வந்த வீடுகளுக்குத் திரும்பிப் போனது. கீற்று கூரையில் ஏறியது, பாய் சுருண்டுகொண்டது. சிவப்பிக்குக் கிடேரிக் கன்று பிறந்தது. அதன்பிறகு எந்தத் தாய்க்கு ஈற்று நெருங்கினாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி வைக்கோல் மட்டும் காலையில் இறங்கிப் போகும், ஊருக்கு நடுவில் ஒரு சின்ன ஊர்வலமாகச் சேர்ந்துகொள்ளும். பெண்கள் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாமா கூடாதா என்று பேசி, நனையுமே என்று விட்டுவிட்டு, வெறும் மஞ்சளைத் தூவினார்கள். பஸ் நிற்கும். கண்டக்டர் விசிலடிப்பார். தன் வீட்டு வைக்கோல் முதலில் போகவில்லை என்றால் முத்திருளாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அடுத்த தை அறுப்பும் முடிந்தது. படப்புகள் ஏறின. கொட்டகையில் எந்தத் தாயும் ஈற்றுக்கு நிற்காத ஒரு காலையில், ஊர் முழுக்க எல்லாப் படப்பும் ஒரே நேரத்தில் கலைந்து இறங்கியது.

வைக்கோல் தெற்கே வரவில்லை. சந்தியாகு வீட்டு வழியில் திரும்பவில்லை. மாதா கெபியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே, தார்ச்சாலையில், தேசிய நெடுஞ்சாலைப் பக்கமாக ஆறு போல இறங்கியது. அடுத்த ஊர் வைக்கோலும் அதற்கடுத்த ஊர் வைக்கோலும் வந்து அதில் கலந்தன. அந்தத் திசையில் என்ன இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தகரக்கூரை போட்டு, ஜன்னல் இல்லாமல், வரிசை வரிசையாகக் கூண்டு வைத்த பெரிய கம்பெனிப் பண்ணை ஒன்று இருந்தது. இரும்பு வேலைக்கு ஒரு தடவை சந்தியாகு அங்கே போயிருக்கிறான். கூப்பிட்டால் எதிரொலிக்கிற அளவுக்கு நீளமான கொட்டகை.

முத்திருளாண்டி சாலையோரம் வந்து நின்றார். வலை போடவில்லை, அதட்டவில்லை. வைக்கோல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து, "எத்தன தாயி கூப்பிட்டா இம்புட்டுப் போகும்?" என்று கேட்டார்.

சந்தியாகு பட்டறைக்குப் போய் கியாஸ் சிலிண்டரையும் கட்டரையும் தூக்கிக் குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றினான்.

"உள்ள விடுவாங்களாங்க?" என்று சலேத்மேரி கேட்டாள்.

"விடமாட்டாங்க."

"பெறகு?"

"வைக்கல் உள்ள போயிரும்ல. அது போன பெறகு என்ன செய்றதுன்னு அவங்களுக்கும் தெரியாது. நமக்கும் தெரியாமத்தான இருந்துச்சு. யாராச்சும் பக்கத்துல இருந்தா நல்லது."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். முத்திருளாண்டி, தன் மாடுகளுக்கு யார் தண்ணி காட்டுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்து, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, பின்னால் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சந்தியாகு வண்டியை எடுத்தான். சாலை முழுக்க வெயிலில் பொன்னாக ஓடிக்கொண்டிருந்த வைக்கோலை அவன் முந்தவில்லை. அது போகிற வேகத்திலேயே, அதற்குப் பின்னால், கிழக்கே ஓட்டிப் போனான்.